கோபுர வாசல் காற்றும் விக்ராந்தின் தளமும்

ஆனி மாதத்தில் தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் ராஜகோபுர வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். கும்பிடுவதற்காக மட்டும் அல்ல, காற்றுக்காகவும்தான். கிழக்கிலிருந்து வாசலுக்குள் கால் வைத்ததும் எதிரே இருந்து ஒரு காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். வேட்டியை ஒரு கையாலும் அர்ச்சனைத் தட்டை மறு கையாலும் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு வைத்தால், அதே காற்று முதுகுப் பக்கம் வந்து 'உள்ளே போ' என்று தள்ளும். சிறு பிள்ளையாக இருந்தபோது ஆச்சியின் விரலைப் பிடித்துக்கொண்டு இந்த வாசலை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். சாமி நம்மை முதலில் சோதித்துவிட்டுப் பிறகு அழைத்துக்கொள்கிறார் என்று ஆச்சி சொல்வாள்.

இதற்குக் காற்றியலில் ஒரு விளக்கம் உண்டு. ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று, சுமார் 180 அடி உயரக் கோபுரத்தின் மேற்கு முகத்தில் மோதுகிறது. மோதிய இடத்தில் அழுத்தம் கூடுகிறது. கோபுரத்தின் மறுபக்கமான கிழக்கில் காற்றின் நிழல் விழுந்து அழுத்தம் குறைகிறது. கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஓடத் தரைமட்டத்தில் ஒரே வழிதான், அது வாசல். ஆகவே வாசலுக்குள் காற்று நம் முகத்துக்கு எதிராகப் பாய்கிறது. கோபுர முகத்தில் மோதிய காற்றில் ஒரு பகுதி சுவரோடு கீழே சறுக்கித் தரையைத் தொட்டு, வந்த திசைக்கே உருண்டு திரும்புகிறது. வாசலைத் தாண்டியதும் முதுகைத் தள்ளுவது அந்தத் திரும்பு காற்று. ஆச்சியின் விளக்கம் இதனால் எனக்குச் சிறுத்துவிடவில்லை. அவள் கவனித்த உண்மையைத்தான் நான் பிறகு படித்தேன்.

இந்தக் காற்றின் கதையைச் சொல்லப் புகுந்தால் அது ஒரு கடற்படை அதிகாரியிடம் கொண்டுபோய் விடுகிறது.

1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் எடுத்த அந்தப் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. மேசையில் குனிந்து பாகிஸ்தானின் ஜெனரல் நியாஸி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார், பக்கத்தில் இந்தியாவின் ஜெனரல் அரோரா. அவர்களுக்குப் பின்னால் நிற்கும் அதிகாரிகளில் வெள்ளைச் சீருடை அணிந்த ஒருவர் இருக்கிறார். அவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், கிழக்குக் கடற்படைக் கட்டளையின் தலைமை அதிகாரி. 1919இல் நாகர்கோவிலில் பிறந்தவர்.

நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். செங்கோட்டையும் அப்போது திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1 அன்றுதான் இரண்டும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஊரின் அமைப்பிலும் அவை பங்காளிகள். நாகர்கோவில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அருகில் இருக்கிறது, செங்கோட்டையும் தென்காசியும் ஆரியங்காவு கணவாயின் வாயில் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மழையைக் கேரளப் பக்கம் கொட்டிவிடுகிறது. கணவாய் இருக்கும் இடத்தில் மட்டும் மேலேற வேண்டிய அவசியம் இல்லாமல் இடுக்கில் நுழைந்து வேகம் கூடிப் பாய்கிறது. மலையுச்சி மழையில் கொஞ்சத்தை அது இந்தப் பக்கம் வாரி இறைப்பதைத்தான் நாம் சாரல் என்கிறோம். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும், சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் வயல்களுக்கு நடுவே அவை சுற்றுவதும் ஒரே காரணத்தால்தான். காற்று பிறக்கும் வாசலில் பிறந்த ஒருவர் காற்றைக் கணக்குப் போட்டு ஒரு போரை நடத்தினார் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

கிருஷ்ணன் பம்பாயில் டஃப்ரின் பயிற்சிக் கப்பலில் பயின்று அன்றைய ராயல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில், 1941இல் பாரசீக வளைகுடாவில் நடந்த நடவடிக்கையில் காட்டிய துணிவுக்காக டி.எஸ்.சி. என்ற விருது பெற்றபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. 1961 டிசம்பரில் தியூவைப் போர்த்துகீசியரிடமிருந்து மீட்டபோது ஐ.என்.எஸ். டெல்லி கப்பலின் தலைவர். பிறகு விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தின் தலைவராகவும் இருந்தார். இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. 1971இல் விக்ராந்தைப் போருக்குக் கொண்டுபோகலாமா கூடாதா என்ற கேள்வி எழுந்தபோது, அந்தக் கப்பலின் நாடித்துடிப்பை அறிந்தவர் கிழக்கில் தலைமையில் இருந்தார்.

ஏன் அப்படி ஒரு கேள்வி எழுந்தது? கப்பலின் கொதிகலனில் விரிசல்.

விக்ராந்த் நீராவிக் கப்பல். நான்கு கொதிகலன்கள். அவற்றின் அடிப்பகுதியில் இருக்கும் நீர் உருளைகளில் விரிசல் கண்டார்கள். பற்றவைத்துச் சரிசெய்ய முடியாத விரிசல். புதிய உருளைகள் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். போர் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். விசில் அடிக்கும்போது அதற்குள் அழுத்தம் வெளியே இருப்பதைப் போல இரண்டு மடங்கு, தண்ணீரின் சூடு 120 டிகிரி. விக்ராந்தின் கொதிகலனுக்குள் 28 மடங்குக்கு மேல் அழுத்தம் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 230 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். அவ்வளவு சூடான தண்ணீர், உருளை பிளந்து திடீரென்று வெளிக்காற்றைச் சந்தித்தால், அதில் கணிசமான பங்கு கண் இமைக்கும் நேரத்தில் நீராவியாகிவிடும். நீராவியான தண்ணீர் முன்னே இருந்ததைப் போல ஏறக்குறைய 1,600 மடங்கு இடத்தை அடைக்கும். கொதிகலன் அறைக்குள் நிற்கும் மனிதர்களுக்கு அதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு கொதிகலனை ஒதுக்கிவிட்டு, மீதி மூன்றைச் சுற்றி எஃகுப் பட்டைகள் போட்டு இறுக்கினார்கள். கசிவு தெரிந்தால் உடனே கண்டுபிடிக்கக் கண்காணிப்புச் சாளரங்கள் வைத்தார்கள். கப்பலின் வேகத்துக்கு 14 நாட் என்று எல்லை கட்டினார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆக, மணிக்கு 26 கிலோமீட்டர். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஒருவர் மூச்சுப் பிடித்து சைக்கிள் மிதித்தால் இந்த வேகம் வந்துவிடும். இந்த வேகத்தில் போகும் கப்பலின் மேல்தளத்திலிருந்து ஜெட் விமானங்கள் கிளம்ப வேண்டும்.

'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்று நம் ஊரில் சொல்வார்கள். ஏழு டன் எடையுள்ள ஓர் அம்மி விக்ராந்தின் சீ ஹாக் விமானம். அதைப் பறக்க வைப்பதும் காற்றுதான். ஆனால் இறக்கைக்கு ஒன்று மட்டுமே தெரியும், தன்மேல் காற்று எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பது. தான் ஓடிக் காற்றைச் சந்தித்ததா, காற்று ஓடிவந்து தன்னைச் சந்தித்ததா என்று அது வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. சுரண்டைக் காற்றாலையின் இறகு நின்ற இடத்தில் நிற்கிறது, காற்று வந்து அதைத் தள்ளுகிறது. விமான இறக்கை ஓடிப்போய்க் காற்றில் புகுகிறது. இரண்டிலும் வேலை ஒன்றே.

விமானந்தாங்கிக் கப்பலில் இந்த வேகம் மூன்று இடத்திலிருந்து வருகிறது. முதலாவது கேட்டபுல்ட். தளத்தில் பதித்த நீராவிக் கவண், விமானத்தைக் கல் எறிவதுபோல முன்னே வீசுகிறது. இரண்டாவது கப்பலின் வேகம். மூன்றாவது இயற்கைக் காற்று. அதனால்தான் விமானங்கள் கிளம்பும்போது கப்பல் தான் போகவேண்டிய திசையை மறந்துவிட்டுக் காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பிக்கொள்ளும். எதிரி எங்கே இருந்தாலும் சரி, அந்த நேரத்தில் திசையைத் தீர்மானிப்பது காற்று.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு விமானம் எழும்ப 100 நாட் காற்று வேண்டும். கவண் 75 தருகிறது. கப்பல் முழு வேகத்தில் 24 நாட் ஓடினால் 99, காற்றே அடிக்காவிட்டாலும் கிட்டத்தட்ட வந்தாயிற்று. கப்பல் 14 நாட்தான் ஓடும் என்றால் 89. பதினோரு நாட் குறைவு. பதினொரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் நூற்றுக்கு எண்பத்தொன்பது ஆனால், தூக்குவிசை நூற்றுக்கு எழுபத்தொன்பது ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு எடையைக் கீழே இறக்க வேண்டும். எதை இறக்குவது? குண்டையா, எரிபொருளையா? எதை இறக்கினாலும் போவதன் நோக்கம் குறைகிறது. இறங்கும்போது நிலைமை இன்னும் மோசம். எதிர்க்காற்று 24 நாட்டுக்குப் பதில் 14 தான் என்றால், தளத்தைத் தொடும் விமானத்தைக் கம்பியில் கொக்கி மாட்டி நிறுத்துவதற்கு ஏறக்குறைய கால் பங்கு அளவுக்கு ஆற்றலை அதிகமாகத் தாங்க வேண்டிவரும்.

இன்னொரு கண்ணி இதில் மறைந்திருக்கிறது. கவணுக்கும் அதே கொதிகலனின் நீராவிதான். ஆகவே ஒரு விரிசல் கப்பலின் காலையும் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

மீதியை இயற்கைக் காற்று தர வேண்டும். டிசம்பரில் வங்கக் கடலில் வீசுவது வடகிழக்குக் காற்று. ஆனியில் கோபுர வாசலில் அடிக்கும் காற்றைப் போல அதை நம்பிக் கடிகாரம் வைக்க முடியாது. சில நாள் இருக்கும், சில நாள் கடல் எண்ணெய் தடவியதுபோலக் கிடக்கும். அதை நம்பித்தான் கிளம்பினார்கள். 1965 போரில் விக்ராந்த் துறைமுகத்திலேயே கிடந்த வருத்தம் கடற்படையினர் மனதில் ஆறாமல் இருந்தது. இந்த முறையும் கட்டிப்போட்டுவிட்டால் இனி அந்தக் கப்பல் எதற்கு என்ற கேள்வி வரும். அன்று கடற்படைத் தலைவராக இருந்த அட்மிரல் நந்தா துணிந்தார். கப்பலின் தலைவர் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ். விமானிகளில் யாரும் தயங்கவில்லை. டிசம்பர் 4 அன்று சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழி மூடப்பட்டது.

ஆனால் அதற்கு முன்பே, விக்ராந்த் ஒரு விமானத்தைக்கூட ஏவாதபோதே, அதைக் கொல்ல ஒரு நீர்மூழ்கி புறப்பட்டிருந்தது.

பாகிஸ்தானின் காஸி அமெரிக்கக் கடற்படையில் டயாப்லோ என்ற பெயரில் இருந்த நீர்மூழ்கி. கராச்சியிலிருந்து இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் சுற்றி வங்கக் கடலுக்கு வந்து திரும்பும் அளவுக்கு எரிபொருள் தாங்கக்கூடியது அவர்களிடம் அது ஒன்றுதான். 1971 நவம்பர் 14 அன்று புறப்பட்டது. காஸி வந்திருக்கிறது என்பது கிருஷ்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்ற கதை, துப்பறியும் கதைகளில் படிப்பதைவிடச் சுவையானது. சிட்டகாங்கில் இருந்த பாகிஸ்தான் கடற்படையினருக்குப் போன ஒரு செய்தியை நம்மவர்கள் இடைமறித்தார்கள். ஒரு குறிப்பிட்ட மசகு எண்ணெய் அங்கே கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். அந்த எண்ணெய் நீர்மூழ்கிகளிலும் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களிலும் மட்டுமே பயன்படும் வகை. கிழக்கில் அவர்களுக்குக் கண்ணிவெடி அகற்றும் கப்பல் எதுவும் இல்லை. அப்படியானால் எண்ணெய் யாருக்கு? எந்திரத்தின் பசியைக் கொண்டு எந்திரத்தை அடையாளம் கண்டார்கள்.

விக்ராந்தைச் சென்னையிலிருந்து கிளப்பி அந்தமான் பக்கம், எக்ஸ்-ரே துறை என்று ரகசியப் பெயரிட்ட இடத்துக்கு அனுப்பி வைத்தார் கிருஷ்ணன். விசாகப்பட்டினத்தில் விக்ராந்த் இருப்பதாக ஒரு பொய்யை விதைத்தார். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலைக் கடலுக்கு அனுப்பி, ஒரு பெரிய கப்பல் அனுப்பும் அளவுக்கு வானொலிச் செய்திகளை அனுப்பச் சொன்னார். ஊர்ச் சந்தையில் ஏராளமாகக் காய்கறியும் இறைச்சியும் வாங்கச் சொன்னார். விக்ராந்தில் இருக்கும் மாலுமி ஒருவர் தன் தாயின் உடல்நிலையை விசாரிப்பதாக ஒரு சாதாரணத் தந்தியையும் அனுப்ப வைத்தார். இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் தொடுவது அந்தத் தாயின் உடல்நிலைதான். ஒற்றுக் கேட்பவர் ரகசியச் செய்தியைச் சந்தேகிப்பார். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கும் மகனைச் சந்தேகிக்க மனம் வராது.

இதில் ஓர் அறிவியல் நுணுக்கம் இருக்கிறது. கடலுக்குள் இருக்கும் நீர்மூழ்கிக்கு வானொலி எப்படிக் கேட்கும்? கேட்காது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் பொருள், வானொலி அலையை உறிஞ்சிக்கொள்ளும். சிற்றலைச் செய்தி கடல்நீரில் நான்கு விரற்கடை இறங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். அன்றைய நீர்மூழ்கிகள் பேட்டரியில் மின்னேற்ற டீசல் எந்திரத்தை ஓட்டியாக வேண்டும், அதற்குக் காற்று வேண்டும். இரவில் மேற்பரப்புக்கு வந்து மூச்சு வாங்கும் அந்த நேரத்தில்தான் உணர்கொம்பை நீட்டி ஊர்ப் பேச்சையும் கேட்டுக்கொள்ளும். ராஜ்புத் பேசிய பேச்செல்லாம் அந்த நேரத்தை நோக்கித்தான்.

மேலே ஒளியும் வானொலியும் செய்யும் வேலையைக் கடலுக்குள் செய்வது ஒலி. நீரில் ஒலி நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் நேராக ஓடாது. சூடான நீரில் வேகமாகவும் குளிர்ந்த நீரில் மெதுவாகவும் ஓடுவதால், மெதுவாக ஓடும் பக்கம் வளைந்துவிடும். பங்குனி வெயிலில் தென்காசிச் சாலையில் கானல் நீர் தெரிவதும் இப்படித்தான், அங்கே வளைவது ஒளி. வங்கக் கடல் இந்த விஷயத்தில் குறிப்பாகக் குழப்பமானது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கோதாவரியும் கொட்டும் நன்னீர் மேலே மெல்லிய போர்வையாகப் பரவிக் கிடக்கும், உப்புநீர் கீழே. அடுக்குகளுக்கு நடுவே ஒலி வளைந்து நெளிந்து சில இடங்களில் நிழல் விழும். அந்த நிழலில் ஒரு நீர்மூழ்கி ஒளிந்துகொள்ளலாம். கரையோரத்தில் அலையிரைச்சல் வேறு. குற்றாலம் பேரருவியில் தண்ணீர் நிறைய விழும் நாளில் அருவிக்கு அடியில் நின்றுகொண்டு பக்கத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். தோளைத் தொட்டால்தான் திரும்புவார். கரையோரக் கடலில் எதிரொலியைத் தேடும் மாலுமியின் காதுக்கும் கிட்டத்தட்ட அந்த நிலைதான்.

டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி ராஜ்புத் விசாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து வெளியே வந்தது. முன்னே நீரில் ஏதோ கலக்கம் தெரிய, ஆழ்கடல் குண்டுகளைப் போட்டது. கொஞ்ச நேரத்தில் ஊர் ஜன்னல்கள் அதிரும் அளவுக்கு ஒரு பெரு வெடிப்பு. காலையில் மீனவர்கள் எண்ணெய்ப் படலத்தையும் சிதறல்களையும் கண்டார்கள். ராஜ்புத்தின் குண்டுதான் காஸியை அழித்தது என்பது நம் கடற்படையின் முடிவு. தான் விதைத்த கண்ணியில் தானே சிக்கியது அல்லது உள்ளேயே வெடித்தது என்பது பாகிஸ்தான் தரப்பு. எப்படி முடிந்தாலும், விக்ராந்த் இல்லாத துறைமுகத்தின் வாசலுக்கு அதை வரவழைத்தது ஒரு மனிதரின் கற்பனை. அதிலிருந்த தொண்ணூற்றுச் சொச்சம் பேரும் மாண்டுபோனார்கள். அவர்களுக்கும் உடல்நிலை விசாரிக்கும் தாய்மார் கராச்சியிலும் லாகூரிலும் இருந்திருப்பார்கள்.

1972இல் கிருஷ்ணனுக்குப் பத்ம பூஷண் விருது கிடைத்தது. பரம் விசிஷ்ட சேவா பதக்கமும் பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் தலைவராக இருந்தார். போரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1982இல் காலமானார்.

அவர் பார்க்காமல் போன இரண்டைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை. ஒன்று, நம் பக்கத்திலேயே, திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990இல் தொடங்கிய கடற்படை வானொலி நிலையம். அதன் வேலை, மூச்சு வாங்க மேலே வராத நீர்மூழ்கிகளோடு பேசுவது. அலையின் அதிர்வைக் குறைத்தால் அது உப்புநீரில் ஆழமாக இறங்கும். விரற்கடையாக இருந்த இறக்கம் ஆளுயரமாகி, அதைப் போலப் பல மடங்கு ஆழத்திலும் செய்தி மிஞ்சும். அதிர்வு குறைந்தால் அலையின் நீளம் கிலோமீட்டர் கணக்கில் போகும், அதை அனுப்ப வானளாவிய கம்பங்கள் வேண்டும். அங்கே நிற்கும் கம்பங்கள் தென்காசிக் கோபுரத்தைப் போலப் பல மடங்கு உயரம்.

மற்றொன்று, கொச்சித் தளத்திலேயே கட்டி 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்த்த புதிய விக்ராந்த். 262 மீட்டர் நீளம். கொதிகலன் இல்லை, வாயுச் சுழலிகள். நீராவிக் கவணும் இல்லை, தளத்தின் முனை மேல்நோக்கி வளைந்திருக்கும், விமானம் அந்த ஏற்றத்தில் ஓடி வானத்துக்குத் துள்ளும். செங்கோட்டையில் ரயில் ஏறி ஆரியங்காவு குகைகளைத் தாண்டிக் கொல்லம் போய், அங்கிருந்து வடக்கே போனால் கொச்சி. கணவாய்க்குள் நுழையும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வார், எதிர்க்காற்று அப்படி. அந்தப் புதிய கப்பலும் விமானம் கிளம்பும் நேரத்தில் முதலில் செய்வது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து மூக்கை அந்தப் பக்கம் திருப்புவதுதான்.